மேட்டில் பூத்த நித்தியகல்யாணி

இடுகாட்டின் ஓரத்தில், ஒரு குழந்தையைப் புதைத்த சின்ன மண்மேட்டில் நித்தியகல்யாணி பூத்திருந்தது. குழந்தையின் அம்மா பேச்சித்தாய் நட்ட செடி அது. ஆடு கடிக்காது என்றுதான் அதை நட்டிருந்தாள்.

மேய வந்த ஆடு ஒன்று ஒரு இலையைக் கடித்துவிட்டுத் துப்பியது. “த்தூ! உடம்பெல்லாம் விஷம். உன்னால யாருக்கு என்ன பிரயோஜனம்?”

“நீ இந்த மேட்டை மிதிக்காம ஒதுங்கிப் போறியே, அது போதும்” என்றது செடி.

ஒருநாள் சாக்குடன் இரண்டு பேர் வந்தார்கள். மேட்டருகே உட்கார்ந்திருந்த பேச்சித்தாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

“இந்தச் செடி வேணும்மா. இதுல இருக்கிற விஷத்துலருந்து புதுசா ஒரு மருந்து எடுக்காங்க. ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைங்களுக்கு.”

அவள் மேட்டு மண்ணைக் கையால் தடவினாள்.

“எம் பிள்ளைக்கும் அதான் வந்துச்சு” என்றாள். பிறகு தன் கையாலேயே செடியை வேரோடு பிடுங்கிக் கொடுத்தாள்.

செடி சாக்குக்குள் போகும்போது ஆடு கேட்டது: “கடைசியில உன் விஷம் உன்னையே காப்பாத்தலையே?”

வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. செடி அந்த மேட்டைப் பார்த்தது.

“இவங்க கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா, அந்தம்மா என்னை இங்கே நட வேண்டியே வந்திருக்காது.”