பனிச்சரிவில் தப்பியவன்

பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஜிர்கலான் மலை முகட்டை நோக்கி ஏறத் தொடங்கிய எர்மெக்கும் தோல்குனும் சட்டென்று நின்றார்கள். எதிர்ச்சரிவில் பனி பாளமாக அறுந்து, அவர்கள் காலடி வரை கட்டி கட்டியாகக் குவிந்து கிடந்தது.

"காலைலதான் விழுந்திருக்கு. மேலே யார் தடமும் இல்ல, தானா சரிஞ்சிருக்கு" என்றான் தோல்குன். "இந்தப் பக்கமும் தாங்காது. திரும்பிடலாம், வா."

"இருடா, முதல்ல என்னைப் படம் புடி."

போனைத் தோல்குன் கையில் திணித்துவிட்டு, எர்மெக் அந்தக் கட்டிகளுக்கு நடுவே போய்ப் படுத்தான். தலையில் பனியை அள்ளிப் போட்டுக்கொண்டு முக்கி முனகி எழுந்து, ஊரில் தான் விரும்பும் பெண்ணுக்காகப் போனைப் பார்த்துப் பேசினான்.

"பெகிமாய்! செத்துப் பொழைச்சேன். உன் பேரைச் சொல்லிச் சொல்லியே தோண்டிக்கிட்டு வெளிய வந்தேன். தோல்குன் என்னை விட்டுட்டு ஓடிட்டான், கோழைப் பய. இப்பவாவது என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லு."

இவன் இன்னும் எவ்வளவு தூரம் போவான் என்று பார்க்கவே, தோல்குன் நிறுத்தாமல் படம் பிடித்தான்.

"கோச்சுக்காதடா. நான் வீரனாகணும்னா பக்கத்துல ஒருத்தன் கோழையாகணும்ல?" என்று இளித்தபடி எர்மெக் போனை வாங்கி, படத்தைப் பெகிமாய்க்கு அனுப்பினான்.

உடனே பெகிமாய் கூப்பிட்டாள். அவள் குரல் இருவருக்கும் கேட்டது.

"தோல்குன் ஓடிட்டான்னா உன்னைப் படம் புடிச்சது யாரு, ஓநாயா?"

எர்மெக் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட, பெகிமாய் தொடர்ந்தாள்.

"நேத்து தோல்குனோட அம்மா வந்து எனக்கு நிச்சயத் தோடு போட்டுட்டாங்க. எனக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. நண்பன் மனசு நோகக் கூடாது, பக்குவமா நானே சொல்றேன்னுதான் அவன் உன்னை மலைக்குக் கூட்டிட்டுப் போனான்."

தோல்குன் பனியில் காறித் துப்பினான்.

"முன்னால நடடா. உன்னை இங்கேயே விட்டுட்டுப் போனா, நீ சொன்னது நிஜமாயிடும்."