துரோகியின் கை

“வெறும் தண்ணியை வெச்சா வாழ்த்தப் போறே, சில்வானோ? குழந்தைக்கு ஆகாதுப்பா” என்றாள் ஸீத்தா அத்தை.

மேஜையே சிரித்தது. சில்வானோ தண்ணீர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி நீவெஸ் அதைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள். பேரனுக்கு ஞானஸ்நானம் முடிந்து, சம்பந்தி எர்மெஸ் வீட்டில் விருந்து. எர்மெஸ் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே போட்ட ஒயினைத் திறந்துவிட்டார். அதை வேண்டாம் என்றால் பேரனையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

ஆனால் இனி ஒரு வாய் குடித்தாலும் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிர்காலத்திலிருந்து சில்வானோ குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறார். வெளியில் சொல்லக் கூச்சம். ஒரு காலத்தில் ஊரில் எந்த மேஜையிலிருந்தும் கடைசியாக எழுந்த மனுஷர். வியாதி என்று சொல்வதைவிடக் குடித்தே போய்ச் சேரலாம் என்று நினைக்கிற ரகம்.

“சொல்லிடுங்களேன்” என்று கிசுகிசுத்தாள் நீவெஸ்.

“எல்லாரும் பார்க்கிறாங்க. ஒரு டம்ளர்தானே.”

ஒரு டம்ளரோடு நிற்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

“துல்லியோ, ஊத்து” என்றார் எர்மெஸ்.

துல்லியோ, சில்வானோவின் பழைய குடிக்கூட்டாளி. தன் வீட்டுக்காரர் கெட்டதே இவனால்தான் என்பது நீவெஸின் தீர்ப்பு. பாட்டிலோடு ஒவ்வொருவராக வந்தவன், சில்வானோவிடம் வந்ததும் மணிக்கட்டைத் திருப்பி, உள்ளங்கை வானத்தைப் பார்க்க ஊற்றினான்.

மேஜையில் சிரிப்பு நின்றது.

அந்த ஊரில் அப்படி ஊற்றுவது முகத்தில் துப்புவதற்குச் சமம். மோதிரத்தில் விஷம் ஒளித்து ஊற்றிய காலத்துத் துரோகிகளின் கை அது என்பார்கள். அப்படி ஊற்றினால், மானமுள்ளவன் அன்று முழுக்க அந்த மேஜையில் ஒயினே தொடமாட்டான்.

“என் வீட்டிலயா? என் சம்பந்திக்கா?” எர்மெஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அந்த டம்ளரை யாரும் தொடாதீங்க. துரோகி கை பட்ட ஒயின் சம்பந்திக்கு வேண்டாம். நீ வெளியே போடா.”

“கை தவறிடுச்சு...”

“அம்பது வருஷமா ஊத்தறவனுக்குக் கை தவறுமா?”

ஆளாளுக்குத் துல்லியோவைத் திட்டினார்கள். ஸீத்தா அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். துல்லியோ தொப்பியை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியேறினான்.

“நீங்க பேரனைத் தூக்கிக்குங்க, சம்பந்தி. உங்க பங்குக்கும் நாங்க குடிக்கிறோம்” என்றார் எர்மெஸ்.

சில்வானோ இரண்டு கையாலும் குழந்தையை ஏந்தி நின்றார். மற்றவர்கள் கண்ணுக்குக் கண் பார்த்து டம்ளர்களை இடித்து, “சலூத்தே” என்று வாழ்த்தினார்கள். சில்வானோவின் கண் கலங்கியிருந்தது. அவமானம் தாங்காமல் கலங்குகிறார் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

நீவெஸ் மட்டும் ஒரு தட்டில் ஆட்டுக்கறியும் போலெண்டா என்கிற சோளமாவுக் களியும் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துல்லியோ அத்தி மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

“வேணும்னுதானே பண்ணினே?”

அவன் தட்டை வாங்கிக்கொண்டான்.

“இத்தனை வருஷமா உன்னைச் சபிச்சிருக்கேன், துல்லியோ. இன்னிக்கு ஊர் முன்னால நீ கெட்ட பேரு வாங்கிக்கிட்டு என் புருஷனைக் காப்பாத்திட்டே. இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

“எனக்குச் சொல்லாதே. அவனுக்கு உடம்பு சரியில்லைன்னே நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. ஈஸ்டர் விருந்துல அவன் டம்ளரைப் பூந்தொட்டியில கவிழ்த்ததை ஒருத்தர் பார்த்திருக்கார். அவர்தான் வந்து சொன்னார். கையைத் திருப்பி ஊத்துன்னு சொன்னதும் அவர்தான்.”

“யாரு அது?”

உள்ளேயிருந்து எர்மெஸின் குரல் இடியாய் வந்தது. “அந்தத் துரோகி இன்னும் போகலையா?”

துல்லியோ போலெண்டாவை மென்றபடியே சிரித்தான்.

“நேத்து என் வீட்டு அடுப்படியில ஒத்திகை பார்த்தப்போ மனுஷனுக்குக் கோபமே வரல. இன்னிக்குப் பரவாயில்ல, நல்லாத்தான் கத்தறார்.”