நாற்பது கம்பங்கள்

1932 அக்டோபர் 17, திங்கட்கிழமை, காலை ஏழரை மணி, விட்டுவிட்டுத் தூறல்.

"நாப்பதும் நிக்குது, கிராணி ஐயா! ஒண்ணுகூடச் சாயலை," என்றான் நாகையா.

கொட்டகைக் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ் குடையைத் தாழ்த்திப் பிடித்தார். "அதுதான்யா எனக்குப் பயமா இருக்கு."

பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரத்தில், தார் எண்ணெய்க் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது அந்தத் திடல். வேலிக்கான மரக்கம்பங்களைத் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது கொட்டகையின் தொழில். பத்தாண்டுகளுக்கு முன் சோதனைக்கென்று நாற்பது கம்பங்களை நட்டு, தொட்டி வேலையோடு அவற்றின் காவலையும் நாகையாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். இருபது, எண்ணெயில் ஊறியவை. இருபது, வெறும் மரம்.

கொட்டகை நீடிப்பது இன்றைய சோதனையைப் பொறுத்தது. மூடிவிட்டால், கடல்தாண்டிப் பிழைக்க வந்த கூலியாட்கள் பன்னிரண்டு பேரும் நாகப்பட்டினத்துக்குத் திரும்பக் கப்பலேற வேண்டியதுதான். நாகையாவுக்கு அங்கே யாரும் இல்லை. இருந்த ஒருத்தி மனைவி பவுனம்மாள், அவளும் இந்த மண்ணுக்குள்தான் இருந்தாள்.

"என்னங்க பயம்? ஒண்ணு விழுந்திருந்தாலும் என் மானம்ல போயிருக்கும்!"

"நாப்பது பிள்ளை பெத்தவன் மாதிரி பேசுறே," என்றார் கிராணி. அவர் சிரிக்கவில்லை.

கம்பங்களைச் சோதிக்க வெள்ளைக்காரத் துரை வந்தார். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு சாண் தோண்டச் சொன்னார், கத்தியால் குத்தினார், மரச்சுத்தியலால் தட்டினார். எண்ணெய்க் கம்பங்கள் 'டங்' என்றன. வெறும் கம்பங்களும் 'டங்' என்றன. துரையின் நெற்றி சுருங்கியது. கொட்டகை அருகிலேயே இருந்ததால் திடலெங்கும் எண்ணெய் வாடைதான்; அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"இந்த இருபதையும் நீ மாத்திட்டியான்னு கேக்குறாரு," என்று துரை சொன்னதைத் தமிழில் சொன்னார் கிராணி.

"சாமி சத்தியமா இல்லைங்க! நட்ட கம்பம், நட்ட இடத்துலயே இருக்கு. நம்பரைப் பாக்கச் சொல்லுங்க."

துரை குனிந்து தகர எண்களைப் பார்த்தார், அவரே அடித்தவை. பெருமூச்சுவிட்டு, கிராணி நீட்டிய தாளில் சில வரிகள் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போனார்.

"கொட்டகை தப்பிச்சுதுங்களா?"

ஜெயராஜ் நிமிரவில்லை. "வெறும் மரமே பத்து வருசம் தாங்குதுன்னா எண்ணெய் எதுக்கு, தொட்டி எதுக்குன்னு எழுதிட்டாரு. இந்த மாசத்தோட மூடுறாங்க. கரையான் திங்கட்டும்னுதான்யா அந்த இருபதையும் வெறுமனே நட்டதே. அதுங்க உளுத்து விழுந்திருந்தா நாம பொழைச்சிருப்போம். இந்தா, இதைக் கொட்டகைக் கதவுல ஒட்டிடு."

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குத் தொட்டியைக் கழுவும்போது அடியில் மிஞ்சும் எண்ணெயை, 'பாவம், இதுங்களுக்கு மட்டும் இல்லையே' என்று, அந்த இருபதின் காலடியிலும் வாளி வாளியாக ஊற்றிவந்த கை, நீண்டு அந்தத் தாளை வாங்கிக்கொண்டது.