ஏழாவது கோடு

“எட்டுப் பேருக்குக் கோடு வர்றது, ஏழாம் நம்பருக்கு மட்டும் வரலை! ரத்தமே ஊத்தாம, ஊத்தினேன்னு பொய் எழுதி வெச்சிருக்கே!”

டாக்டர் அனந்தகிருஷ்ணன் விசிறியடித்த, சோதனைக் கோடுகள் பதிந்த ஃபிலிம் மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது. செம்பூர் ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டெக்னீஷியன் சுனிதா குனியவில்லை.

உடம்பில் சேரும் கொழுப்பைச் சுமந்து வெளியேற்ற ஒரு புரதம் உண்டு. அது ரத்தத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடித்துக் கறுப்புக் கோடாகக் காட்டும் ஆன்டிபாடியை, மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் தயாரித்திருந்தார். ஆய்வுக்கூடத்து ஆட்களிலேயே ஆரோக்கியமான ஒன்பது பேரின் ரத்தத்தில் அதைச் சோதிப்பது சுனிதாவின் வேலை. ஒன்பது கோடு விழுந்தால்தான் அவருக்கு ஜெயம்.

“மூணு தடவை செஞ்சேன் சார். மூணு தடவையும் ஏழுல கோடு இல்ல.”

“அப்போ மூணு தடவையும் ஏமாத்தியிருக்கே!”

“வேற புரதத்துக்குப் பாத்தா ஏழுலயும் கோடு வருதே. ரத்தம் ஊத்தாமலா வந்துச்சு?”

“எனக்கே பாடம் எடுக்கறியா? இந்தப் புரதம் இல்லாத மனுஷா லட்சத்துல ஒருத்தர் தேறினா அதிகம். அப்படி ஒருத்தன் இருந்தா, ரத்தக்குழாய் அடைச்சுண்டு எப்ப வேணா சுருண்டு விழுவான். இங்க யாருக்கு என்ன கேடு? எல்லாரும் கல்லுக்குண்டாட்டம்தானே நடமாடறா!”

“அப்ப ஆன்டிபாடிதான் சரியில்ல.”

அவ்வளவுதான். அவர் முகம் ஜிவ்வென்று சிவந்தது.

“என் ஆன்டிபாடியையா சொல்றே? தாராவிச் சண்டையெல்லாம் இங்க வேண்டாம். நாளைலேர்ந்து நீ வேலைக்கு வராதே. சலோ, கிளம்பு!”

சுனிதாவுக்கு உச்சந்தலை எரிந்தது. ஆறு வருட வேலை. அவள் குடியிருக்கும் தாராவியைச் சொல்லிக் காட்டிய முதல் ஆள் இவரில்லை. ஆனால் பொய்க்காரி என்று இதுவரை ஒருவரும் அவளைச் சொன்னதில்லை. கோபம் வந்துவிட்டால் அவள் பேச்சில் அப்பாவின் திருநெல்வேலி வந்துவிடும்.

“போயிருதேன் சார். ஆனா பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டுப் போவ மாட்டேன். ஏழாம் நம்பர் யாருன்னு பாப்போம். அந்த ஆளக் கூப்பிட்டு, எல்லாரு முன்னாலயும் புதுசா ரத்தம் எடுங்க. கோடு வந்துச்சுன்னா, தப்பு எம்மேலதான்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

யாருடைய ரத்தம் என்று தெரியாமல்தான் சோதிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நர்ஸ் ரஞ்சனா ரத்தம் எடுத்து எண் மட்டும் ஒட்டிக் கொடுப்பாள். பெயர்ப் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி அவரிடம் தந்துவிடுவாள். யாருக்கு எந்த எண் என்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவர் மேசை டிராயரை இழுத்து உறையைச் சுனிதாவின் முன்னால் வீசினார்.

“பிரி! எந்த மகான்னு நானும் பார்க்கறேன்.”

சுனிதா வெடுக்கென்று கிழித்தாள். அவள் விரல் ஒன்றிலிருந்து இறங்கி ஏழில் நின்றது.

“என்ன, வாய் அடைச்சுப் போச்சா? சத்தமா படி!”

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து அவர் அருகில் போட்டாள்.

“மொதல்ல நீங்க உக்காருங்க சார்.”

“படின்னா படி!”

அவர் தாளைப் பிடுங்கினார். ரஞ்சனாவின் கையெழுத்தில், ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்தது அவருடைய பெயர்.