குசுமாவின் கங்குன் கீரை

"இண்டைக்கும் கங்குனோ?" ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் யோகநாதன் மனைவியிடம் கத்தினார். "வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில வளருற கீரையில ஈயம் இருக்கெண்டு எத்தினை தரம் சொன்னனான்? பிள்ளைக்கும் குடுக்கிறீரோ?"

"ஒருத்தரும் சாப்பிடுறேல்லையப்பா. குசுமா போன உடன குப்பையில போட்டிடுவன்," என்றாள் தவமணி. "எண்பத்திமூண்டுக் கலவரத்தில எங்களைத் தன்ர வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்ச சிங்கள மனுசி. சனிக்கிழமையில கீரை விக்க வந்து நிக்கேக்க எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது?"

அவளுக்குப் புரியவைக்க எண்ணி, அந்தக் கீரைக் கட்டை அவரே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஈயம் இல்லை. மறுபடி சோதித்தார். அப்போதும் இல்லை. கருவி பிழையா, கால்வாய்க் கீரையில் முன்பு ஈயம் கண்ட சோதனை பிழையா என்று அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை குசுமாவிடமே கேட்டார்.

"இது கால்வாய்க் கீரைதானோ?"

குசுமா பயந்துபோனாள். "இல்லை மாத்தையா. ஈயம் எண்டு உங்கட ஒபிஸ் ஆக்கள் சொன்ன அண்டைக்கே எல்லாத்தையும் பிடுங்கிட்டன். இது ஹோமாகமையில தங்கச்சி வீட்டுக் கிணத்தடிக் கீரை. பஸ்ஸில போய்க் கொண்டுவாறன்."

"அப்ப வியாபாரம்?"

"விட்டாச்சு. இந்த ஒரு கட்டு உங்கட நோனாவுக்கு மட்டுந்தான். ஒரு நாளும் வேண்டாமெண்டு சொல்லாமல் ஆசையா வாங்குற நோனாவை எப்பிடி ஏமாத்துறது?"

யோகநாதன் திரும்பி மனைவியைப் பார்த்தார். தவமணி கட்டை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். சட்டியில் வெங்காயம் வதங்கும் மணம் வந்தது.

"குசுமா," உள்ளிருந்து அவள் கூப்பிட்டாள், "போயிடாதேங்கோ. எங்களோட இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."