சார்ஜர் அடுத்த வருடம்

'அங்கேயே நில்லுங்க சார். கிட்ட மட்டும் வந்துடாதீங்க.'

வாய் பாடம் நடத்திக்கொண்டிருக்க, அறிவியல் டீச்சரின் மனசு மட்டும் ஆய்வுக்கு வந்து வகுப்பின் பின்வாசலில் நின்ற அதிகாரியைக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"படம் என்ன தெளிவு! அச்சுல பாக்கற மாதிரியே இருக்கே" என்றார் அதிகாரி. "கண்ணு கூசவும் இல்ல."

"கூசாத ரகமா கேட்டு வாங்கினோம் சார்" என்றார் தலைமையாசிரியர், வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு.

அச்சு மாதிரி என்ன, அச்சேதான். இந்த வருடம் முதல் பாடப்புத்தகம் ஒழிந்தது, இனி எல்லாம் லேப்டாப் என்று உத்தரவு வந்தது. பின்னாலேயே லேப்டாப்பும் வந்தது. சார்ஜர் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, 'அது அடுத்த வருடத் திட்டம்' என்று பதில் வந்தது. பேட்டரியில் இருந்த உயிரும் ஒரு வாரத்தில் போய்விட்டது. பழைய பேப்பர் வண்டியில் ஏறவிருந்த புத்தகங்களை டீச்சர்தான் மீட்டுக்கொண்டு வந்தாள். தினமும் காலையில் அன்றைய பக்கங்களைக் கிழித்து, செத்த திரைகளின்மேல் ரப்பர் பேண்டால் மாட்டிவிடுவாள்.

இன்றைய பாடம், மின்சாரம்.

அதிகாரி 'திருப்தி' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அவள் வேலை நிரந்தரமாகிவிடும். ஒவ்வொரு விடுமுறைக்கும் வேலை போய், திறக்கும்போது மறுபடி கெஞ்சி வாங்குகிற பிழைப்பு இன்றோடு தீரும்.

பிள்ளைகள் வெளுத்துக்கட்டினார்கள். உயிரில்லாத பொத்தான்களின்மேல் விரல்கள் படபடத்தன. 'வாலு' என்று பேரெடுத்தவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எனக்கு ஹேங் ஆயிடுச்சு."

ரப்பர் பேண்ட் அறுந்து, பக்கம் மேசைக்கடியில் கிடந்தது.

"ரீஸ்டார்ட் பண்ணும்மா" என்றாள் டீச்சர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. போன வருடம் ஒரு சின்னப் பொய் சொல்வதற்குள் எச்சில் விழுங்கித் திணறிய பிள்ளைகள் இவர்கள். இப்போது முகத்தில் ஒரு சலனம் இல்லை. மின்சாரத்தைப் படித்தார்களோ இல்லையோ, வேறு ஒன்றை நன்றாகவே படித்துவிட்டார்கள். கற்றுக்கொடுத்தது யார்?

"சார், டீ ஆறிடும்..." தலைமையாசிரியர் இழுத்தார்.

"நீங்க போங்க, வர்றேன்."

அதிகாரி நேராக வாலுவின் மேசைக்கு வந்தார். குனிந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். கறுத்த திரையைச் சுண்டிப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் டீச்சர், பசை போடலியா?"

"சார்?"

"போற பள்ளிக்கூடத்துல எல்லாம் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டி, திரையையே பாழ் பண்ணி வெச்சிருக்காங்க. உங்க ஒருத்தருக்குத்தான் ரப்பர் பேண்ட் தோணியிருக்கு!" அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "இன்னைக்கே நிரந்தரம் பண்ணிடறேன். நாளையிலேர்ந்து மத்த டீச்சர்களுக்கெல்லாம் நீங்கதான் இதைச் சொல்லிக்குடுக்கணும்."

மொத்த வகுப்பும் அவள் முகத்தையே பார்த்தது.

"வேண்டாம் சார்" என்றாள் மெதுவாக. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "பக்கத்தைக் கையில எடுத்துக்கிட்டு, எல்லாரும் லேப்டாப்பை மூடுங்க."