அரை லிட்டர் அதிகம்

பேராசிரியர் ஜோசியா முப்பது வருஷமாக ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்துகிறவர். ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது, ஆய்வகக் கால்வாயில் கணக்கு உதைத்தது. நொடிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் உள்ளே போனது. பத்தரை லிட்டர் வெளியே வந்தது.

"கசிவுன்னா குறையணும் சார். இது கூடுதே," என்றாள் உதவிப் பேராசிரியை ரோகிணி.

மூன்று முறை அளந்தும் அதே பத்தரை. அவள் பம்பை நிறுத்தினாள். அப்புறமும் கால்வாயின் முனையில் அரை லிட்டர் விழுந்துகொண்டே இருந்தது.

ஜோசியா விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. கல்லூரி இருக்கும் ஹைதராபாத்திலிருந்து கடல் வெகு தூரம். போன மே மாதம் தரங்கம்பாடிக் கடலில் குளிக்க இறங்கிய அவர் மகன் பிளஸ்ஸனின் உடல் இன்னும் கரை சேரவில்லை.

"கால்வாயைக் காலி பண்ணிடட்டுமா சார்?"

"வேண்டாம்மா." நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் விழும் முனைக்கு எதிரே உட்கார்ந்தார். "வரட்டும்."